சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்யப் போறோம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு மோட்டார் சண்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் இருக்கிற அபார்ட்மென்ட்டில் இரண்டு மோட்டார் உண்டு. கீழே சம்ப்பில் இருக்கிற தண்ணியை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏத்துறதுக்கு. ரெண்டும் 5 எச்.பி. வாட்ச்மேன் அண்ணன் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு ரெண்டையும் போடுவார், எட்டரைக்கு நிறுத்துவார். ஏன் ஆறரை? யாருக்கும் தெரியாது. அவருக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் போட்டாராம்.

போன அசோசியேஷன் மீட்டிங்கில் நான் எழுந்து, "இதை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாத்தலாமா?" என்று கேட்டேன். செகண்ட் ஃப்ளோரில் ஒரு சார் இருக்கார், பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"தம்பி, பில் குறையுமா?"

"குறையாது சார்."

"அப்ப எதுக்கு?"

நான் சூரிய மின்சாரம், பேட்டரி, உலக வெப்பமயமாதல் என்று ஏதேதோ உளறினேன். எல்லாரும் பார்க்கிங் பிரச்சினைக்குப் போயிட்டாங்க. நியாயமான கேள்வி அது. அன்னைக்கு நான் அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்த எபிசோட்.

முதல்ல கிரிட் எப்படி வேலை செய்யுது என்பதைச் சொல்லிடறேன். நான் வேலை பார்க்கிற துறையில், சர்வருக்கு லோடு அதிகமானால் ஒரு க்யூவில் போடுவோம். ரிக்வெஸ்ட் ரெண்டு செகண்டு காத்திருக்கும், யாரும் சாக மாட்டாங்க. மின்சாரக் கிரிட்டில் அந்த க்யூ கிடையாது. நீங்க ஸ்விட்சைப் போட்ட அந்தக் கணத்தில், எங்கேயோ ஒரு டர்பைன் அந்த அளவுக்குக் கூடுதலாக உழைக்கணும். உற்பத்தியும் செலவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்கணும். சமமாக இருக்கா என்று பார்க்க ஒரே ஒரு எண் போதும்: 50 ஹெர்ட்ஸ். இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட வரம்பு 49.90-லிருந்து 50.05 வரை. அவ்வளவு குறுகின கயிறு. செலவு அதிகமானால் எண் இறங்கும், உற்பத்தி அதிகமானால் ஏறும். இந்த எண்ணைப் பார்த்துக்கிட்டே இருபத்து நாலு மணி நேரமும் ஒரு கண்ட்ரோல் ரூமில் ஆட்கள் உட்கார்ந்திருக்காங்க. அதுக்குப் பேர் லோடு டெஸ்பாட்ச் சென்டர். எனக்கு ஆன்-கால் ட்யூட்டி வந்தாலே வயிறு கலங்கும். அவங்களுக்கு வாழ்க்கையே ஆன்-கால்தான்.

இந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பது என் தலைமுறையில் தென் மாவட்டங்களில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு ஊர் பணகுடி. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போற வழியில், காவல்கிணறுக்கு முன்னாடி. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனவங்களுக்கு நான் வேற எதுவும் சொல்ல வேண்டாம். ரெண்டு பக்கமும் காத்தாடிதான். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக தென்மேற்குப் பருவக்காற்று வந்து இறங்குகிற இடம். மே கடைசியில் ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் துணி காயப்போட முடியாது, கொடியோடு பறந்துடும்.

2012 கடைசியில் நான் பத்தாவது படிச்சேன். அப்ப சென்னையில் ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் கரண்ட் கட். மாவட்டங்களில் 12 மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியும் அப்படித்தான். அரையாண்டுப் பரீட்சைக்கு மெழுகுவர்த்தி, எமர்ஜென்சி லைட், அதுவும் சார்ஜ் ஏறாமல் மங்கிப் போனது. மொட்டைமாடியில் உட்கார்ந்து படிச்சால் கண்ணுக்கு எட்டின தூரம் வரை காத்தாடிகள் நிற்கும். ஆமா, நிற்கும். சுத்தாது. நவம்பரில் அங்கே காத்து கிடையாது.

அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, ஜூன், ஜூலையில் என் சித்தப்பா வேற ஒரு கதை சொல்லிக்கிட்டு இருந்தார். அவருக்கு காத்தாடியில் மெயின்டனன்ஸ் வேலை. "காத்து பிச்சிக்கிட்டுப் போகுது, ஆனா மெஷினை நிறுத்தச் சொல்றாங்கப்பா. லைன் தாங்காதாம்." உற்பத்தி இருக்கு, கொண்டுபோக வழி இல்லை. அஞ்சு மாசம் கழிச்சு, வழி இருக்கு, உற்பத்தி இல்லை. இதையெல்லாம் கூரையில் உட்கார்ந்து பார்த்த பையனுக்கு, 'தமிழ்நாடு காற்றாலையில் இந்தியாவிலேயே முதலிடம்' என்று சமூக அறிவியல் புத்தகத்தில் படிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. (இப்ப குஜராத் முந்திடுச்சு. அது வேற கதை.)

அதுக்கப்புறம் நிலைமை மாறினது ஒரே நாளில் இல்லை. ஆனால் ஒரு தேதியைக் குறிச்சு வச்சுக்கலாம்: 2013 டிசம்பர் 31. அதுவரைக்கும் தென்னிந்திய கிரிட் ஒரு தனித் தீவு மாதிரி. அன்னைக்குத்தான் ராய்ச்சூர், சோலாப்பூர் லைன் வழியாக நாட்டின் மற்ற கிரிட்டோடு ஒரே துடிப்பில் இணைஞ்சது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்ம புகளூர் வரைக்கும் 800 கிலோவோல்ட் லைன் வந்தது. 6,000 மெகாவாட் கொண்டு வரும், காத்து நல்லா அடிக்கிற நாளில் திருப்பியும் அனுப்பும். கூடங்குளம் முதல் யூனிட்டும் 2013 அக்டோபரில் கிரிட்டில் சேர்ந்தது. புது அனல்மின் நிலையங்களும் வந்தன. கரண்ட் கட் என்ற வார்த்தையையே மறந்துட்டோம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பெரிய கலவரம் எதுவும் இல்லை, ஏசி ஓடிச்சு.

கூடவே சோலார் வந்தது. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் ஒரே இடத்தில் 648 மெகாவாட். சீமைக் கருவேலத்தைத் தவிர வேற எதுவும் முளைக்காது என்று நினைச்ச பூமியில். இன்னைக்கு மாநிலம் முழுக்க சேர்த்தால் காற்று 11,000 மெகாவாட்டுக்கு மேல், சோலாரும் 10,000-க்கு மேல்.

இங்கேதான் பல பேர் ஏமாந்து போற இடம். 2025 ஜூலையில் ஒரு செய்தி வந்ததைப் பார்த்திருப்பீங்க: இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதி இப்போ நிலக்கரி, எரிவாயு மாதிரியான புதைபடிவ எரிபொருள் இல்லாதது. செய்தி உண்மை. ஆனால் 'திறன்' என்பது வேற, 'யூனிட்' என்பது வேற. ஜிம்முக்குப் பணம் கட்டினது திறன், போனது யூனிட். சோலார் பேனல் ராத்திரி வேலை செய்யாது, மேகம் வந்தால் குறையும். வருஷம் முழுக்கக் கணக்குப் போட்டால் அதன் திறனில் அஞ்சில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தரும். அதனால திறனில் பாதி இருந்தாலும், நாம எரிக்கிற யூனிட்டில் பத்துக்கு ஏழு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருது.

சரி, பேனலை மூணு மடங்கு போட்டால் தீருமா? தீராது. ஏன் என்று பார்க்க ஒரு மார்ச் மாத நாளை எடுத்துக்குவோம்.

காலை ஒன்பதிலிருந்து சோலார் ஏற ஆரம்பிக்கும். மத்தியானம் உச்சம். அந்த நேரம் நிலக்கரி நிலையங்களைக் குறைக்கச் சொல்லுவாங்க. ஆனால் அது கேஸ் அடுப்பு இல்லை, சிம்மில் வைக்க. ஒரு அளவுக்குக் கீழே இறக்கினால் பாய்லரில் தீ நிலையாக நிற்காது. அந்த அளவு 55 சதவீதம். 40 வரைக்கும் இறக்கணும் என்று மத்திய மின்சார ஆணையம் 2023-ல் விதி கொண்டு வந்திருக்கு, அதுக்கு பழைய யூனிட்களில் செலவு பண்ணி மாற்றம் செய்யணும். முழுசா நிறுத்திட்டால் மறுபடி சூடேத்திக் கொண்டுவர பல மணி நேரம் ஆகும், சாயங்காலத்துக்குக் கிடைக்காது. அதனால நிலக்கரியைக் குறைஞ்சபட்சத்தில் ஓட விட்டுக்கிட்டு, இடம் பத்தாமல் சோலாரையே குறைக்கச் சொல்ற நாளும் உண்டு. சும்மா கிடைக்கிற வெயிலை வேண்டாம் என்று சொல்றது.

நம்ம ஊரில் சூரியன் மறையறது வருஷம் முழுக்க ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில். அதே நேரத்தில் ஆபீஸ் விட்டு எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க. லைட், ஃபேன், ஏசி, டிவி, தோசை மாவு கிரைண்டர், எங்க அபார்ட்மென்ட் மோட்டார். ஒரு பக்கம் சோலார் ஆயிரக்கணக்கான மெகாவாட் சரியுது, இன்னொரு பக்கம் தேவை ஏறுது. ரெண்டு மணி நேரத்துக்குள்ளே இந்த இடைவெளியை அடைக்கணும். கலிஃபோர்னியாவில் இந்த வளைவைப் பார்த்து 'வாத்து வளைவு' என்று பேர் வச்சாங்க. வயிறு தொங்கும், கழுத்து நிமிரும். நமக்கு வாத்து மார்ச், ஏப்ரலில்தான் வரும். ஜூனில் வந்தால் பரவாயில்லை, ஏன்னா அப்ப எங்க ஊர் காத்து சாயங்காலமும் ராத்திரியும் நல்லா அடிக்கும், சீசனில் 5,000 மெகாவாட்டுக்கு மேலேயே வந்திருக்கு. காத்து இல்லாத மாசங்களில் அது சில நூறுக்கு இறங்கிடும். பரீட்சை, வெயில், பல சமயம் தேர்தலும் சேர்ந்து வர்ற மாசத்தில்தான் காத்தும் இருக்காது.

ஆக பிரச்சினையின் பேர் 'எவ்வளவு' இல்லை, 'எப்போ'. மத்தியானம் ஒரு மணி யூனிட்டும் சாயங்காலம் ஏழு மணி யூனிட்டும் ஒரே சரக்கு இல்லை. இதை மட்டும் அந்த சார்கிட்ட நான் தெளிவாகச் சொல்லியிருக்கணும்.

மத்தியானத்தை சாயங்காலத்துக்கு நகர்த்த என்ன வழி? ஒண்ணு நம்மகிட்டயே ரொம்ப நாளா இருக்கு. வால்பாறை பக்கம் காடம்பாறை. 1987-லிருந்து ஓடுது, 400 மெகாவாட். மேலே ஒரு அணை, கீழே மேல் ஆழியாறு அணை. மின்சாரம் மிச்சமாக இருக்கும்போது கீழேயிருந்து தண்ணியை மேலே பம்ப் பண்ணும், தேவைப்படும்போது அதையே கீழே விட்டு மின்சாரம் எடுக்கும். எங்க மொட்டைமாடித் தொட்டியேதான், அணை சைஸில். இருபது வருஷம் முன்னாடி அதை ராத்திரியில் பம்ப் பண்ணினாங்க, ஏன்னா அப்ப ராத்திரிதான் மின்சாரம் மிச்சம். இனிமேல் மத்தியானம் பம்ப் பண்றதுக்குத்தான் அதிக அர்த்தம். இதே மாதிரி நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு ஒண்ணு கட்டிக்கிட்டிருக்காங்க. போர்த்திமந்து மேலே, எமரால்டு-அவலாஞ்சி கீழே. நல்ல விஷயம். ஆனால் மலையைக் குடைஞ்சு கட்டுற வேலை, வருஷக்கணக்கில் இழுக்கும், காட்டுக்கும் விலை உண்டு. மாசத்துக்கு ஒண்ணு கட்ட முடியாது.

இன்னொண்ணு பேட்டரி. நான் காலேஜ் சேர்ந்தப்போ யாராவது கிரிட்டுக்கு பேட்டரி என்று சொல்லியிருந்தால் சிரிச்சிருப்பேன். 2010-ல் லித்தியம் பேட்டரி ஒரு கிலோவாட்-ஹவருக்கு, அதாவது ஒரு யூனிட் சேமிக்க, ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் 115 டாலர். நம்ம துறையில் கூட இந்த மாதிரி விலைச்சரிவு அபூர்வம். 2017-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் 100 மெகாவாட் பேட்டரி வச்சப்போ உலகமே வேடிக்கை பார்த்தது. 2024-ல் கலிஃபோர்னியா 10,000 மெகாவாட்டைத் தாண்டிடுச்சு. அங்கே வசந்த கால சாயங்காலங்களில் சில மணி நேரம் பேட்டரிதான் கிரிட்டுக்கு மிகப் பெரிய மூலம். ஒரு சின்னக் கணக்கு: 1,000 மெகாவாட்டை 4 மணி நேரம் கொடுக்கணும்னா 40 லட்சம் யூனிட் சேமிக்கணும். 115 டாலர் கணக்கில் பேட்டரிக்கு மட்டும் 46 கோடி டாலர். கட்டிடம், இன்வெர்ட்டர், லைன் எல்லாம் தனி. முடியாத தொகை இல்லை, சும்மா வர்றதும் இல்லை. யாரோ கட்டணும்.

மூணாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதைப் பத்தி யாரும் பேசறதில்லை. மின்சாரத்தை நகர்த்தறதுக்குப் பதிலா, வேலையை நகர்த்துறது.

என் தாத்தாவுக்கு களக்காடு பக்கம் வாழைத் தோட்டம் இருந்தது. மோட்டாருக்கு த்ரீ பேஸ் வேணும். அது பகலில் சில மணி நேரம், ராத்திரி சில மணி நேரம் என்று முறை வச்சு வரும். ராத்திரி முறைக்கு தாத்தா டார்ச் லைட்டை எடுத்துக்கிட்டு வரப்பில் நடப்பார். ஆச்சி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பா, ஏன்னா வாழைத் தோப்பில் பாம்பு உண்டு. தாத்தா திரும்பி வந்து செருப்பை உதறுற சத்தம் கேட்டால்தான் உள்ளே போவா. ஏன் ராத்திரி? நிலக்கரி காலத்தில் ராத்திரிதான் ஊர் தூங்கும், மின்சாரம் மிச்சம் இருக்கும், அதை விவசாயிக்குத் தள்ளிவிடு. கிரிட்டின் வசதிக்காக எழுபது வயசு மனுஷன் இருட்டில் நடந்தார்.

சோலார் வந்த பிறகு அந்தக் கணக்கு தலைகீழாக ஆயிடுச்சு. மத்தியானம் மிச்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய இணைப்புகள் இருக்கு. அந்த மோட்டார்களில் பெரும்பகுதி பத்து மணியிலிருந்து நாலு மணிக்குள் ஓடினால் அது ஒரு பெரிய பேட்டரிக்குச் சமம், காசில்லாமல். தண்ணிக்கு எப்ப இறைச்சோம் என்பது தெரியாது. மகாராஷ்டிராவில் விவசாய ஃபீடருக்குப் பக்கத்திலேயே சோலார் வச்சு பகலில் மட்டும் கொடுக்கிற திட்டத்தைப் பெரிய அளவில் செய்றாங்க. நிலத்தடி நீர் என்ன ஆகும் என்ற கேள்வி இருக்கு, ஒத்துக்கறேன். இலவசம், இருபத்து நாலு மணி நேரம் என்றால் போர் ஆழமாகிக்கிட்டே போகும். பகலில் மட்டும் என்பது அதுக்கும் ஒரு கடிவாளம்தான்.

விவசாயிக்கு ஃபீடரை மாத்தினால் போதும். நமக்கு? நமக்கு விலைதான் ஒரே சிக்னல். அந்த விலையில் கடிகாரம் இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஒரு எண் வருது, அதில் எத்தனை யூனிட் என்று இருக்கு, எத்தனை மணிக்கு என்று இல்லை. பன்னிரண்டு மணிக்கு மோட்டார் போட்டவனுக்கும் ஏழு மணிக்குப் போட்டவனுக்கும் ஒரே பில்.

பெரிய ஃபேக்டரிகளுக்கு, அதாவது ஹெச்.டி இணைப்புகளுக்கு, இந்தக் கடிகாரம் பல வருஷமாவே இருக்கு. காலை, மாலை உச்ச நேரத்தில் எரிச்சால் 25 சதவீதம் கூடுதல். ராத்திரி பத்திலிருந்து அதிகாலை ஐந்து வரை 5 சதவீதம் தள்ளுபடி. கவனிச்சீங்களா? தள்ளுபடி ராத்திரிக்கு. இது நிலக்கரி காலத்துக் கடிகாரம். நாம பேனல் போட்டுட்டோம், கடிகாரத்தைத் திருப்ப மறந்துட்டோம். கோட் மாத்திட்டு கான்ஃபிக் ஃபைலை மாத்தாமல் டிப்ளாய் பண்ணின மாதிரி.

மத்திய அரசு 2023-ல் ஒரு விதித் திருத்தம் கொண்டு வந்தது. ஸ்மார்ட் மீட்டர் இருக்கிறவங்களுக்கு, விவசாயம் தவிர, நேரத்துக்கு ஏத்த கட்டணம். வெயில் நேரத்தில் குறைஞ்சது 20 சதவீதம் கம்மி. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைஞ்சது 10 சதவீதம், கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் குறைஞ்சது 20 சதவீதம் கூடுதல். இன்ஜினியரா பார்த்தால் அழகான யோசனை. முதல் தடவை படிச்சப்போ எனக்குச் சந்தோஷம்.

அப்புறம் எங்க தெருமுனையில் இட்லிக் கடை வச்சிருக்கிற அக்காவை நினைச்சேன். அவங்க வியாபாரமே ஏழு மணிக்குத்தான். தையல் மெஷின் வச்சிருக்கிறவர், பகலெல்லாம் வேலைக்குப் போயிட்டு ராத்திரி தைக்கிறவர். ஒத்தை ரூமில் நாலு பேர், ஏழு மணிக்குத்தான் ஃபேன் போடுவாங்க, ஏன்னா அப்பத்தான் வீட்டில் ஆள் இருக்கும். நேரத்தை நகர்த்த முடியறது யாரால்? ஒர்க் ஃப்ரம் ஹோமில் இருக்கிற என்னால். மத்தியானம் வாஷிங் மெஷின் போடலாம், இ.வி இருந்தால் சார்ஜ் பண்ணலாம். ஏழு மணிக்கு விலை ஏத்தினால் நகர முடியாதவன்தான் கட்டுவான்.

மின் கட்டணத்தில் கை வைக்கிறது தமிழ்நாட்டில் சாதாரண விஷயமும் இல்லை. 1970-ல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்து கொங்கு விவசாயிகள் போராடினாங்க. பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. மூணு பேர் செத்தாங்க. அந்த இயக்கம் நாராயணசாமி நாயுடு தலைமையில் வளர்ந்து, கடைசியில் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று வந்து நின்னது. 'மானியம்', 'இலவசம்' என்று எக்ஸெல் ஷீட்டில் நாம சுலபமாக எழுதற வரிக்குப் பின்னாடி இப்படி ஒரு வரலாறு இருக்கு.

அதனால என் கருத்து இதுதான், ஒத்துக்காதவங்க இருப்பீங்க: வீடுகளுக்கு முதல்ல மத்தியானத் தள்ளுபடி மட்டும் கொடுக்கணும். சாயங்காலக் கூடுதல் கட்டணம் பெரிய நுகர்வோருக்கு மட்டும், ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் எரிக்கிறவங்களுக்கு என்று வைங்களேன். நானும் அதில் வருவேன், பரவாயில்லை.

எதுவுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? அதுக்கும் ஒரு பதில் பக்கத்திலேயே இருக்கு. பாகிஸ்தான். 2024 ஒரே வருஷத்தில் சுமார் 17,000 மெகாவாட் சோலார் பேனல் இறக்குமதி பண்ணினாங்க. அரசாங்கத் திட்டம் எதுவும் பெரிசா இல்லை. கிரிட் மின்சாரம் தாங்க முடியாத விலைக்குப் போச்சு, வசதி இருந்தவங்க சீனப் பேனலை வாங்கிக் கூரையில் மாட்டிக்கிட்டாங்க. அவங்க கிரிட்டிலிருந்து குறைவாக வாங்கினாங்க. ஆனா மின் நிலையங்களுக்குக் கட்ட வேண்டிய நிலையான செலவு அப்படியே இருந்தது. அது மிச்சமிருந்தவங்க தலையில் விழுந்தது. விலை இன்னும் ஏறுச்சு, இன்னும் கொஞ்சம் பேர் விலகினாங்க. சுத்தமான மின்சாரம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் சொந்தக் கூரை இருக்கிறவனுக்கு மட்டும்.

இங்கேயும் 2024-லிருந்து கூரை சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருது. நல்லது. ஆனால் சென்னையில் இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்களில் எத்தனை பேருக்குச் சொந்தக் கூரை இருக்கு? எனக்கு இல்லை. வாடகை வீடு. மொட்டைமாடியில் தொட்டிக்குக் கீழே இருக்கிற நிழல்தான் என் பங்கு.

இன்னொரு வழியும் இருக்கு, அதுதான் அமைதியா நடந்துக்கிட்டே இருக்கு: சாயங்காலத்துக்காகவே புது நிலக்கரி. திருச்செந்தூர் பக்கம் உடன்குடியில் 660 மெகாவாட் யூனிட் ரெண்டு. கட்டினவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு மணிக்கு லைட் எரியலைன்னா ஆட்சி போகும், 2012 எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. ஆனால் ஒரு நிலக்கரி நிலையம் கட்டினால் அது 25, 30 வருஷம் ஓடியாகணும், இல்லைன்னா கடன் தீராது. சாயங்காலம் நாலு மணி நேரத்துக்காகக் கட்டினதை இருபத்து நாலு மணி நேரமும் ஓட்டுவோம். அந்தச் சாம்பலோட வாழப் போறது நான் இல்லை. எண்ணூர் முகத்துவாரத்தில் மீன் பிடிக்கிறவங்களைக் கேளுங்க, சாம்பல்னா என்னன்னு சொல்லுவாங்க.

பிரிட்டனில் கடைசி நிலக்கரி நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்னைக்கு மூடினாங்க. லண்டனில் முதல் நிலையம் ஆரம்பிச்சது 1882. நூத்தி நாப்பத்திரெண்டு வருஷம். நமக்கு அவ்வளவு நேரமும் இல்லை, அவங்களை மாதிரி கேஸும் இல்லை. நம்மகிட்ட இருக்கிறது வெயில், எங்க ஊர் காத்து, கொஞ்சம் மலை, 20 லட்சம் பம்ப் செட்.

சரி, மோட்டார் கதைக்கு வர்றேன். மீட்டிங்கில் தோத்துட்டேன். அப்புறம் வாட்ச்மேன் அண்ணன்கிட்ட நேரா போய்ப் பேசினேன். அவர் ஒரு விஷயம் சொன்னார், நான் யோசிச்சே பார்க்கலை: "மத்தியானம் ஏத்தினா நைட்டு எட்டு மணிக்குத் தண்ணி தீந்துடும் சார். எல்லாரும் வந்து குளிப்பாங்கல்ல. அப்ப என்னைத்தான் திட்டுவாங்க." நான் வாத்து வளைவு வரைஞ்சுக்கிட்டிருந்தேன், அவர் தண்ணி வளைவைத் தினமும் பார்க்கிறவர்.

ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். ஒரு மோட்டார் பன்னிரண்டரைக்கு ரெண்டு மணி நேரம். இன்னொண்ணு ராத்திரி பத்தரைக்கு, மத்தியானத் தண்ணி குறைஞ்ச அளவுக்கு மட்டும். ஏழு மணிக்கு எதுவும் கிடையாது. மூணு வாரமா ஓடுது, ஒரு நாள்கூடத் தண்ணி நிக்கலை. மத்தியானத் தண்ணி கொஞ்சம் சுடுதுன்னு தேர்ட் ஃப்ளோரில் ஒரு கம்ப்ளெயின்ட், அவ்வளவுதான்.

பேங்க் சார் போன வாரம் லிஃப்ட்டில் கேட்டார். "என்ன தம்பி, பில் எவ்வளவு குறைஞ்சுது?"

"ஒரு ரூபாகூட இல்லை சார்."

சிரிச்சுக்கிட்டே அவர் ஃப்ளோரில் இறங்கிட்டார்.

அடுத்த எபிசோடில் சித்தப்பாவை மைக் முன்னாடி உட்கார வைக்கிறேன். பழைய 250 கிலோவாட் காத்தாடியைக் கழட்டிட்டு அதே இடத்தில் புதுசு வைக்கிறதில் என்னென்ன சிக்கல் இருக்குன்னு அவர் சொல்லுவார். சீசன் ஆரம்பிச்சுட்டா அவரைப் பிடிக்க முடியாது, அதனால இந்த வாரமே ரெக்கார்ட் பண்றோம். வர்றேன்.